100 கிராமுக்கு முன்னால்: வினேஷ் போகத்தின் 50 கிலோ முயற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஆகஸ்ட் 7 காலை, பாரிஸ் ஒலிம்பிக்கில் நடந்த எடைப் பரிசோதனையில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தின் எடை 50.1 கிலோ. பெண்கள் 50 கிலோ பிரிவின் இறுதிப் போட்டியில் அன்று மாலை அவர் இறங்க வேண்டியிருந்தது. கூடுதலாக இருந்த 100 கிராமுக்காக அவர் நீக்கப்பட்டு, தரவரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார். முந்தைய நாள் பெற்ற மூன்று வெற்றிகளும் கணக்கில் இல்லாமல் போயின.

அதன்பின் நடந்த பேச்செல்லாம் அந்த 100 கிராமைச் சுற்றித்தான். முடியை இன்னும் ஒட்ட வெட்டியிருக்கலாமா, இன்னும் அரை மணி நேரம் ஓடியிருக்கலாமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்த இரவில் செய்யக்கூடியது எல்லாமே செய்யப்பட்டது. செய்யக்கூடாத அளவுக்கும் செய்யப்பட்டது. கோளாறு அதற்குப் பல மாதம் முன்பே, எந்த எடைப் பிரிவில் மோதுவது என்று முடிவான இடத்தில் இருக்கிறது. எடைப் பிரிவு முடிவைப் பயிற்சியாளரும் தேர்வாளரும் எடுக்கிறார்கள். உடலின் மீது அது செலுத்தும் பாதிப்பைப் பார்த்தால், அதை ஒரு மருத்துவ முடிவாக, அதற்குரிய அளவீடுகளோடும் எல்லைக்கோடுகளோடும் எடுத்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். இந்திய அணியின் தலைமை மருத்துவர், வினேஷின் பயிற்சியாளர் ஆகியோரின் வெளிப்படையான கூற்றுகளும் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தின் தீர்ப்பும் இதற்கு ஆதாரம்.

பின்னணி

வினேஷ் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 48 கிலோ பிரிவில் மோதினார். காலிறுதியில் முழங்கால் சிதைந்து தூக்குப்படுக்கையில் வெளியேறினார். அந்த ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்று ஒன்றிலும், மங்கோலியாவில், 400 கிராம் கூடுதல் எடைக்காக அவர் நீக்கப்பட்டிருக்கிறார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் மேல் பிரிவுகளுக்கு நகர்ந்தார். 2018 ஆசிய விளையாட்டில் 50 கிலோவில் தங்கம். 2019, 2022 உலகப் போட்டிகளில் 53 கிலோவில் வெண்கலம். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 53 தான். உடல் வளர்ந்த திசைக்குப் பிரிவும் வளர்ந்தது, அதுதான் இயல்பு.

2023 ஆகஸ்டில் முழங்கால் தசைநாருக்கு அறுவைச் சிகிச்சை. அதற்கு அடுத்த மாதம் உலகப் போட்டியில் மற்றொரு இந்திய வீராங்கனை அன்டிம் பங்கல் 53 கிலோவில் வெண்கலம் வென்று, அந்தப் பிரிவுக்கான ஒலிம்பிக் இடத்தை நாட்டுக்குப் பெற்றுத் தந்தார். ஒரு பிரிவில் நாட்டுக்கு ஒருவருக்கே இடம். 2024 மார்ச் தேர்வுப் போட்டியில் வினேஷ் 50, 53 இரண்டிலும் களமிறங்கி 50-ல் வென்றார். ஏப்ரலில் பிஷ்கெக்கில் நடந்த ஆசியத் தகுதிச்சுற்றில் ஒலிம்பிக் இடமும் பெற்றார்.

அவரது இயல்பான எடை 55 கிலோவுக்கு மேல் என்று செய்திகளில் வந்திருக்கிறது. பத்தில் ஒரு பங்கு அளவுக்கு எடையை இறக்கி 50-ஐத் தொட வேண்டும். அறுவைச் சிகிச்சை செய்த காலின் தசை அதே மாதங்களில் திரும்ப வளர்ந்தாக வேண்டும். ஒன்றுக்குச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். மற்றொன்றுக்குக் கூட்ட வேண்டும். அந்த வருடம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிந்திருக்கும்.

விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் போட்டிக்கு முந்தைய நாள் மாலை ஒரே ஒரு எடைப் பரிசோதனை. இறக்கிக் காட்டிவிட்டு, இரவு முழுக்கச் சாப்பிட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம். 2018 முதல் ஒவ்வொரு பிரிவும் இரண்டு நாள் நடக்கிறது. பரிசோதனை இரண்டு நாளும் காலையில். முதல் நாள் 30 நிமிட அவகாசம், இரண்டாம் நாள் 15 நிமிடம். நீரை வற்றவைத்து எடை காட்டும் பழக்கத்தை ஒழிக்கத்தான் இந்த மாற்றம். பிரிவுக்கு அருகிலேயே உடலை வைத்திருப்பவருக்கு இது நல்ல விதி. பல கிலோ மேலே இருப்பவருக்கோ, ஒரே போட்டியில் இரண்டு முறை நீரை வற்றவைக்க வேண்டிய கட்டாயம்.

இரண்டு நாட்களின் கணக்கு

ஆகஸ்ட் 6 காலை எடை 49.9 கிலோ. முதல் மோதல் ஜப்பானின் யுய் சுசாகியுடன். நடப்பு ஒலிம்பிக் சாம்பியன், நான்கு முறை உலக சாம்பியன், வெளிநாட்டு வீராங்கனை எவரிடமும் அதுவரை தோற்காதவர். கடைசி நொடிகளில் எடுத்த புள்ளிகளால் வினேஷ் 3-2 என வென்றார். அடுத்து உக்ரைனின் ஒக்ஸானா லிவாச் 7-5, அரையிறுதியில் கியூபாவின் யுஸ்னெய்லிஸ் குஸ்மன் 5-0. ஒலிம்பிக் இறுதிக்கு வந்த முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவர். இந்த மூன்று வெற்றிகளும் எவ்வளவு வற்றிய உடலிலிருந்து வந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் அவர் திறமை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

அணியின் தலைமை மருத்துவர் தின்ஷா பர்திவாலா பின்னர் விளக்கியபடி, அன்று முழுவதற்குமான உணவு சுமார் 1.5 கிலோ எனத் திட்டமிடப்பட்டிருந்தது. மூன்று மோதல்கள் இருந்ததால், நீரிழப்பைத் தவிர்க்கத் தண்ணீரும் தரப்பட்டது. மாலையில் பார்த்தால் எடை வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. எல்லையைத் தாண்டி 2.7 கிலோ. அடுத்த பரிசோதனைக்குச் சுமார் 12 மணி நேரமே பாக்கி.

அந்த இரவைப் பற்றிப் பயிற்சியாளர் வோலர் அகோஸ் தன் தாய்மொழியான ஹங்கேரியனில் எழுதிய பதிவு, பிறகு நீக்கப்பட்டாலும், உலகச் செய்திகளில் வந்துவிட்டது. அதில் உள்ள எண்களை வரிசைப்படுத்தினால் ஒரு மருத்துவக் குறிப்பு போலவே இருக்கிறது. 1 மணி 20 நிமிடப் பயிற்சிக்குப் பின் மீதி 1.5 கிலோ. பிறகு 50 நிமிடம் சானா எனும் வெப்ப அறையில். ஒரு சொட்டு வியர்வை வரவில்லை. நள்ளிரவு முதல் காலை 5:30 வரை கார்டியோ இயந்திரங்களும் மல்யுத்த அசைவுகளும், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று நிமிட ஓய்வு. நடுவில் வினேஷ் சுருண்டு விழுந்தார். எழுப்பி மீண்டும் சானாவுக்குள் அனுப்பினார்கள். அவர் இறந்துவிடுவாரோ என்று பயந்ததாகவும் பயிற்சியாளர் எழுதியிருந்தார்.

இந்த எண்களைக் கொண்டு ஒரு எளிய கணக்குப் போடலாம். முதல் 80 நிமிடத்தில் இறங்கியது 1.2 கிலோ, அதாவது மணிக்குச் சுமார் 900 கிராம். இது பயிற்சி பெற்ற உடலின் சாதாரண வியர்வை வேகம்தான். அடுத்த 50 நிமிடத்தில், அதுவும் கடும் வெப்பத்தில், ஏறக்குறைய பூஜ்யம். அதற்கடுத்த ஐந்தரை மணி நேரத்தில் 1.4 கிலோ, மணிக்கு 250 கிராம். மூச்சுக்காற்றில் போகும் ஈரமும் இதில் அடக்கம். வேகம் நான்கில் ஒரு பங்குக்கு விழுந்துவிட்டது. அந்த விகிதத்தில் மீதி 100 கிராமுக்கு இன்னும் 25 நிமிடம் போதும் என்று கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. வெப்ப அறையில் வியர்வை நின்றுபோன நிமிடமே நிறுத்த வேண்டிய நிமிடம்.

உடலுக்குள் நடந்தது

எடையை இறக்கும் வீரரிடம் கையிருப்பு நான்கு: கொழுப்பு, குடலில் உள்ள உணவு, தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் (உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து), நீர். கொழுப்பு வாரக்கணக்கில் இறங்கும். நார்ச்சத்தைக் குறைத்தால் குடல் ஓரிரு நாளில் காலியாகும். கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், மாவுச்சத்தை நிறுத்தினாலே சில நாளில் ஒன்றிரண்டு கிலோ கழன்றுவிடும். இவை மூன்றும் முடிந்தபின் மிஞ்சுவது நீர் மட்டும். 49.9 என்ற எண்ணை எட்டியபோது முதல் மூன்று கையிருப்பும் பெரும்பாலும் செலவாகியிருக்கும்.

நீர் வற்றும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதியும் சுருங்குகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் இரத்தம் குறைய, துடிப்பு வேகமெடுக்கிறது. இரத்தத்தின் உப்புச் செறிவு கூடுகிறது. இந்த இரண்டு செய்தியும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் எட்டியதும், வாசோபிரெசின், ஆல்டோஸ்டிரோன் என்ற இரு ஹார்மோன்கள் உயர்ந்து, சிறுநீரகம் தண்ணீரையும் உப்பையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஹார்மோன் ஏற்பாடு சில மணி நேரத்தில் அடங்கிவிடாது. அதனால்தான் முதல் பரிசோதனை முடிந்து குடிக்கும் நீர், மற்ற நாட்களில் சிறுநீராகப் போயிருக்க வேண்டியது, உடலிலேயே தங்குகிறது. மருத்துவர் குறிப்பிட்ட திரும்ப ஏறும் எடையின் விளக்கம் இதுதான். முதல் நாள் எவ்வளவு ஆழமாக வற்றவைத்தார்களோ, அவ்வளவு இறுக்கமாக உடல் பிடித்துக்கொள்ளும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சிலருக்கு நீர் தேக்கம் சற்றுக் கூடும். வினேஷ் தரப்பு தீர்ப்பாயத்தில் இதையும் முன்வைத்தது.

ஆகவே 2.7 கிலோவை யாரோ கவனக்குறைவாக ஊட்டிவிட்டதாகச் சொல்வது அநியாயம். முதல் வற்றலே இரண்டாவது சிக்கலை உண்டாக்கியது. தண்ணீர் தராமல் மூன்று மோதலுக்கு அனுப்பியிருந்தால், சுசாகியிடமே முடிந்திருக்கும். அல்லது களத்திலேயே விபரீதம் நேர்ந்திருக்கும்.

வியர்வை நிற்பதன் பொருளையும் விளக்க வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கடும் பயிற்சியில் உடல் தன்னைக் குளிர்விக்க வைத்திருக்கும் முதன்மை வழி அது. இரத்த அளவு மிகவும் சுருங்கினால், தோலுக்குப் போகும் இரத்தத்தையும் வியர்வையையும் உடல் கட்டுப்படுத்துகிறது. அதற்குப் பிறகும் ஓட்டமும் சானாவும் தொடர்ந்தால் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறுகிறது. உட்புற வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, குழப்பமும் மயக்கமும் சேர்ந்தால் அது வெப்பவாதம். உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தாவிட்டால் உயிர் போகும். தசை நார்கள் சிதைந்து அவற்றின் புரதம் சிறுநீரகத்தை அடைப்பதும், பொட்டாசியம் உயர்ந்து இதயத் துடிப்பு குலைவதும் இதே பாதையில் காத்திருப்பவை. வினேஷுக்குப் பரிசோதனைக்குப் பிறகு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். இரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தன. நல்வாய்ப்பு.

அப்படித் தப்பாதவர்கள் உண்டு. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில், ஐந்து வாரத்துக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் எடை இறக்கும்போதே இறந்தார்கள். மூவரும் காற்றுப் புகாத உடையணிந்து, சூடான சூழலில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள். 2015 டிசம்பரில் சீனாவின் 21 வயது கலப்புத் தற்காப்புக் கலை வீரர் யாங் ஜியான் பிங் மணிலாவில் போட்டிக்கு முன் எடை இறக்கும்போது உயிரிழந்தார். இவர்கள் யாரும் பழக்கமற்றவர்கள் அல்லர். பலமுறை இறக்கிப் பார்த்து, இந்த முறையும் முடியும் என்று நம்பியவர்கள்.

தப்பித்த இன்னொருவர்

வினேஷ் நீக்கப்பட்ட மறுநாள், அதே அணியின் அமன் செஹ்ராவத் 57 கிலோ அரையிறுதி முடிந்ததும் 61.5 கிலோ இருந்தார். பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ இறக்கி, 56.9-ல் நின்று, ஆகஸ்ட் 9 அன்று வெண்கலம் வென்றார். ஊடகங்கள் அதை வீரக்கதையாகச் சொன்னன. பதக்கம் அவர் உழைப்புக்கு முழுக்கத் தகும். ஆனால் ஒரே இரவில் உடல் எடையில் 7 சதவீதத்துக்கு மேல் போயிருக்கிறது. வினேஷ் இழந்ததோ 5 சதவீதம். பதக்கம் கிடைத்ததால் ஒன்று சரியான திட்டம், கிடைக்காததால் மற்றொன்று தவறான திட்டம் என்று படிப்பது மிக ஆபத்தான படிப்பு. பயிற்சிக் கூடங்களில் இளம் பிள்ளைகள் இந்தக் கதையைத்தான் கேட்டு வளர்வார்கள்.

எங்கே முடிவெடுத்திருக்க வேண்டும்

1997 மரணங்களுக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு ஒரு வழியைக் கண்டது. ரப்பர் உடை, சானா, சிறுநீர் பெருக்கி மருந்து ஆகியவற்றைத் தடைசெய்தது. பருவத் தொடக்கத்திலேயே, உடலில் நீர் சரியாக இருப்பதைச் சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.020-ஐத் தாண்டவில்லை என்று பார்த்து உறுதிசெய்து, கொழுப்பு விகிதத்தை அளந்து, அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் கீழ் எல்லை எடையைக் கணக்கிட்டது. ஆண்களுக்கு 5 சதவீதக் கொழுப்புக்குக் கீழே போகக்கூடாது. பள்ளி அளவில் பையன்களுக்கு 7, பெண்களுக்கு 12 சதவீதம். வாரத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேல் இறங்கவும் கூடாது.

இந்தக் கணக்கு எவ்வளவு எளிது, எவ்வளவு கறாரானது என்று காட்ட ஒரு கற்பனை வீராங்கனையை எடுத்துக்கொள்வோம் (இவை வினேஷின் அளவுகள் அல்ல). எடை 56 கிலோ, கொழுப்பு 18 சதவீதம். கொழுப்பு நீங்கிய எடை 45.9 கிலோ. 12 சதவீதக் கொழுப்போடு நிற்கும் எடை 45.9-ஐ 0.88-ஆல் வகுத்தால் 52.2. அவருக்கு 53 கிலோ பிரிவு சாத்தியம். ஐந்து வாரம் போல் பொறுமையாக இறங்க வேண்டும். 50 கிலோ அவருக்குக் கிடையாது. மன உறுதியும் தியாகமும் எவ்வளவு இருந்தாலும் கிடையாது. ஒரு தாளில் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும் இந்த விடையை எடைமேடையில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது.

கொழுப்பு மட்டும் போதாது. சாப்பிட்ட ஆற்றலிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்தபின் உடலின் அன்றாட வேலைகளுக்கு மிஞ்சுவதையும் பார்க்க வேண்டும். கொழுப்பு நீங்கிய எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கிலோகலோரிக்குக் கீழே அது நெடுநாள் கிடந்தால் ஆபத்து கூடுகிறது. ஆளுக்கு ஆள் இந்தக் கோடு மாறும் என்றாலும் தொடக்க அளவுகோலாக உதவும். மேலே சொன்ன வீராங்கனைக்கு அது 1,377 கிலோகலோரி. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 முதல் எச்சரித்துவரும் ஆற்றல் பற்றாக்குறை நிலையின் முதல் அடையாளங்களில் ஒன்று மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நிற்பது. பயிற்சிக் கூடங்களில் இதைக் கடும் பயிற்சியின் அறிகுறி என்று பெருமையாகவே பேசுவதைக் கேட்கலாம். எலும்பு அடர்த்தி குறைகிறது, அழுத்த முறிவு வருகிறது, காயம் ஆறத் தாமதமாகிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சையிலிருந்து எழுந்துவரும் ஒருவருக்கு இது இரட்டைக் கேடு. மாதவிடாய்ச் சுழற்சியைக் கேட்டுக் குறித்து வைக்காத எந்தப் பயிற்சித் திட்டமும் வீராங்கனைக்கான திட்டம் ஆகாது.

அடுத்தது, இரண்டாம் நாள் காலை எடையை ஒத்திகை பார்ப்பது. முதல் பரிசோதனைக்கு இறக்கிப் பார்ப்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். போட்டிக்குப் பல வாரம் முன்பே, மருத்துவர் கண்முன், காலையில் எடை, பகலில் மூன்று முழு மோதல், திட்டமிட்ட உணவும் நீரும், மாலை எடை, மறுநாள் காலை எடை என்று அப்படியே நடத்த வேண்டும். ஒன்றும் செய்யாமல் தூங்கி எழுந்தாலே மூச்சிலும் தோலிலும் சிறுநீரிலும் சில நூறு கிராம் குறையும்; அது ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். மாலை எடை அந்த அளவுக்கு மேல் ஒரு கிலோவுக்கு அதிகமாக நின்றால் அந்தப் பிரிவைக் கைவிட வேண்டும் என்று நான் பரிந்துரைப்பேன். உலகக் கோப்பை போன்ற சில போட்டிகளில் 2 கிலோ சலுகை உண்டு. ஒலிம்பிக்கில் இல்லை. சலுகையோடு வென்ற போட்டிகள் தரும் நம்பிக்கை இந்த ஒத்திகைக்கு மாற்றாகாது.

தீர்ப்பு

வெள்ளிப் பதக்கத்தைப் பகிர்ந்து தரக் கேட்ட வினேஷின் மனுவை விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் ஆகஸ்ட் 14 அன்று தள்ளுபடி செய்தது. எல்லைக்குள் இருப்பது வீரரின் பொறுப்பு, விதியில் விதிவிலக்கு இல்லை என்றது. தவறான செயல் எதுவும் செய்யாத ஒருவருக்கு இந்த விளைவு மிகக் கடுமையானது என்றும் நடுவர் பதிவு செய்தார். சட்டப்படி வேறு முடிவு வந்திருக்க முடியாது. ஆனால் பொறுப்பை வீரர் தலையில் மட்டும் வைக்கும் ஏற்பாடு, இறங்க முடியாத எடைக்கு இறங்கச் சொன்னவர்களைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது.

உலகப் போட்டியில் பெண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள்: 50, 53, 55, 57, 59, 62, 65, 68, 72, 76. ஒலிம்பிக்கில் ஆறு மட்டும். 55, 59, 65, 72 கிடையாது. 55 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும் உடலுக்கு உலகப் போட்டியில் இடம் இருக்கிறது. ஒலிம்பிக்கில் அவர் 57-ல் தன்னைவிடக் கனமானவர்களோடு மோத வேண்டும், இல்லையேல் கீழே இறங்க வேண்டும். 53-ல் ஏற்கனவே ஒருவர் இருந்தால் 50 வரை போக வேண்டும். நாட்டுக்கு ஒரு பிரிவில் ஒருவர் என்ற விதியும் இதோடு சேரும்போது, எந்தத் தேர்வுக் குழுவும் இந்தத் தள்ளுமுள்ளை முன்கூட்டியே பார்க்க முடியும். அதனால்தான் தேர்வுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளிலேயே கீழ் எல்லை எடைச் சான்றிதழ் கேட்க வேண்டும். அணியோடு சேராத, பதக்கத்தால் எந்த ஆதாயமும் இல்லாத மருத்துவர் அதில் கையெழுத்திட வேண்டும். போட்டி இரவில் பயிற்சியை நிறுத்தும் அதிகாரமும் அதே மருத்துவரிடம் இருக்க வேண்டும். வெப்ப அறையில் வியர்வை நின்றால், நடை தடுமாறினால், பேச்சு குழறினால், உட்புற வெப்பநிலை 39 டிகிரியைத் தாண்டினால், பயிற்சியாளரையோ வீரரையோ கேட்காமல் அவர் நிறுத்தலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். அந்த நிலையில் இருக்கும் வீரர் தொடர்வதாகவே சொல்வார்; அவர் சொல்லை அப்போது சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.